வாசலில் ஆறு, வயலுக்குக் கால்வாய்: தாமிரபரணிக் கரை ஊர்களின் கதை

தாமிரபரணிக் கரையில் ஏதாவது ஒரு சின்ன ஊருக்குப் போய்ப் பாருங்கள். படித்துறை இருக்கும், மருத மரம் இருக்கும், காலையில் குளிக்க வந்தவர்களின் பேச்சு இருக்கும். ஆறு வாசலிலேயே ஓடுகிறது. ஆனால் அந்த ஊர் வயலில் பாய்வது அந்தப் படித்துறையைத் தொட்டு வந்த தண்ணீர் இல்லை. பல மைல் மேற்கே, வேறொரு ஊரின் எல்லையில் ஆற்றிலிருந்து பிரிந்து, நாலைந்து ஊர்களைக் கடந்து, குளத்தில் தங்கி, மடை வழியாக வந்து சேர்ந்த தண்ணீர் அது.

காரணம் எளிது. ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, வயல் மேட்டில் கிடக்கிறது. மோட்டார் வருவதற்கு முன்னால் பள்ளத்துத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்ற ஏற்றமும் கமலையும்தான் இருந்தன. அவற்றால் ஒரு தோட்டத்தை நனைக்கலாம், ஓர் ஊரின் நெல் வயலை நனைக்க முடியாது. ஆகவே ஆறு இன்னும் உயரத்தில் இருக்கும் இடம்வரை மேலேறிப் போக வேண்டும். அங்கே தண்ணீரை மடக்கி, ஆற்றைவிடக் குறைந்த சரிவில் ஒரு கால்வாயை இழுத்து வர வேண்டும். ஆறு வேகமாக இறங்கிக்கொண்டே போகும், கால்வாய் மெதுவாக இறங்கும். சில மைல் போனதும் கால்வாய் ஆற்றைவிட உயரத்தில் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நிலம்தான் நஞ்சை.

இது விளங்கிவிட்டால் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் வரலாற்றில் பாதி விளங்கிவிடும். தன் தண்ணீரைத் தானே எடுத்துக்கொள்ள முடியாத ஊர், மேலே இருக்கும் ஊரோடு பேசித்தான் வாழ வேண்டும். கீழே இருக்கும் ஊருக்குப் பதில் சொல்லியும் ஆக வேண்டும். எந்த ராஜா எந்த வருஷம் ஆண்டார் என்பதைவிட, ஊர் கால்வாயின் தலையில் இருக்கிறதா, இடையில் இருக்கிறதா, கடைமடையில் இருக்கிறதா என்பதுதான் அந்த ஊரின் தலையெழுத்தை அதிகம் தீர்மானித்தது என்பது என் எண்ணம்.

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலோடு சேர்கிறது. பிறப்பும் முடிவும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கும் ஆறு. மலையில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்வதால் வருஷத்தில் பெரும்பகுதி ஓட்டம் இருக்கும். இந்தச் சிறிய நீளத்துக்குள் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றிலிருந்து பதினோரு கால்வாய்கள் பிரிகின்றன. மொத்த ஆயக்கட்டு, அதாவது இவை பாய்ச்சும் நிலம், 86,107 ஏக்கர்.

அணைக்கட்டு என்றதும் பாபநாசம் மாதிரி உயர்ந்து நிற்கும் அணையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவை தண்ணீரைத் தேக்கி வைப்பவை இல்லை. ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டிய கல் கரைகள் இவை. நேர்க்கோடாக இல்லாமல், கிடைத்த பாறைகளைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தும் வளைந்தும் போகும். ஓட்டத்தை லேசாக உயர்த்திக் கால்வாய் வாய்க்குள் தள்ளிவிடுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. மிஞ்சிய தண்ணீர் மேலே வழிந்து போய்விடும். இதில் ஒரு அழகு இருக்கிறது. ஒரு கால்வாய் பாய்ச்சிய வயலிலிருந்து வடியும் தண்ணீரும் கசிவும் ஓடைகள் வழியாகத் திரும்ப ஆற்றில் விழும், அடுத்த அணைக்கட்டு அதைப் பிடித்து இன்னொரு வயலுக்கு அனுப்பும். மேலூரின் கழிவுதான் கீழூரின் பாசனம். மேலூர் வயலில் என்ன தெளிக்கிறார்கள் என்பது கீழூர்க்காரர்களின் கவலையாக ஆனதும் இதனால்தான்.

கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை சொல்வார்கள். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒரு பிராமணர், தனக்குக் கிடைத்த பொன்னைத் தர்மத்துக்குச் செலவிட வழி கேட்டபோது, ஒரு பசுவைப் பின்தொடர்ந்து போகும்படி அகத்தியர் சொன்னாராம். பசு நடந்த வழியெல்லாம் கால்வாய், அது கோமியம் விட்ட இடமெல்லாம் மடை, படுத்த இடமெல்லாம் குளம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் பெரியவர்களிடம் இந்தக் கதையை இன்றும் கேட்கலாம். வெறும் கதை என்று நான் இதை ஒதுக்க மாட்டேன். மேய்கிற மாடு செங்குத்தாக ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. சரிவை அணைத்தபடி, ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நடக்கும். கால்வாய் வெட்டுகிறவர் தேடுவதும் அதே கோட்டைத்தான். மட்டம் பார்க்கும் கருவி இல்லாத காலத்தில் நிலத்தை எப்படி வாசித்தார்கள் என்ற அறிவை, மறக்க முடியாத ஒரு படமாக அந்தக் கதை பாதுகாத்து வைத்திருக்கிறது. அந்தக் கால்வாய் இன்றைக்கும் பன்னிரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. அதன் வழியில் இருக்கும் பத்தமடையின் பெயரையே பத்து மடை என்றுதான் பிரித்துச் சொல்வார்கள். அங்கே பாய் நெய்யும் கோரையும் ஆற்றங்கரைப் புல்தான்.

சரி, இதெல்லாம் எவ்வளவு பழையது? ஆற்றுக்குத் தெற்கே ஆதிச்சநல்லூரில் 1876-இலும், பிறகு 1899-இலிருந்து தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தலைமையிலும் தோண்டியபோது தாழிகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. இறந்தவர்களைப் புதைக்க அவர்கள் தேர்ந்தெடுத்தது பயிருக்கு உதவாத பரும்பு மேடு. நெல் விளையும் பள்ளத்தை உயிரோடு இருப்பவர்களுக்கு விட்டிருந்தார்கள் என்று அதைப் பார்க்கும்போது தோன்றும். வடக்கே சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் இருந்த நெல், கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று ஆய்வில் தெரியவந்ததாகத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. போகிறவர்களோடு நெல்லை வைத்து அனுப்பிய மக்கள். அந்த நெல் ஆற்றுப் பாசனத்தில் விளைந்ததா, மழைத் தண்ணீரில் விளைந்ததா என்பதைத் தாழி சொல்லாது. நெல் என்பது மனதில் எந்த இடத்தில் இருந்தது என்பதை மட்டும் சொல்லும்.

கணக்கு வழக்கு தெளிவாகத் தெரிவது கல்வெட்டுக் காலத்திலிருந்துதான். இன்றைய அம்பாசமுத்திரம், கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் முள்ளிநாட்டு இளங்கோக்குடி. வரகுண பாண்டியன் அந்த ஊர்ச் சபையிடம் 290 காசு கொடுத்து, ஒரு காசுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வட்டி என்று கணக்கிட்டு, வருஷத்துக்கு 580 கலம் நெல்லைக் கோயிலுக்கு அளக்கச் சொன்னதை ஆற்றங்கரைச் சிவன் கோயில் கல்வெட்டு சொல்கிறது. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். முதலைத் தொடாமல், வட்டியை மட்டும், அதுவும் நெல்லாக, காலம் உள்ளவரை அளப்போம் என்று ஒரு சபை ஒப்புக்கொள்கிறது. அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் விளையும் என்ற உறுதி இருந்தால்தான் இப்படிக் கையெழுத்துப் போட முடியும். அந்த உறுதியைக் கொடுத்தது ஆறும் கால்வாயும். வானம் பார்த்த கரிசல் காட்டு ஊர் எதுவும் இப்படி ஒரு வாக்கைத் துணிந்து கொடுத்திருக்காது.

ஆற்றிலிருந்து தள்ளி, வடக்கே மானூர்ப் பெரிய குளத்து ஊரில், ஏறத்தாழ கி.பி. 800-இல் எழுதிய இன்னொரு கல்வெட்டு உண்டு. சபையில் யார் உட்காரலாம் என்ற விதிகள் அதில் உள்ளன. நிலம் வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும், நன்னடத்தை வேண்டும். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த விதி: எதைச் சொன்னாலும் "அன்று" "அன்று" (அல்ல, அல்ல) என்று மறுத்துக்கொண்டே இருப்பவர்களுக்கு 5 காசு தண்டம். தண்ணீர்க் கூட்டம் எதிலாவது ஒரு முறை உட்கார்ந்தவர்களுக்கு அந்த விதியின் அருமை புரியும். கூடவே ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சபையில் நிலம் இல்லாதவருக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை, வயலில் இறங்கி உழுதவருக்கு இடமில்லை.

ஊரின் அமைப்பையும் தண்ணீர்தான் வகுத்தது. படித்துறையை ஒட்டிக் கோயிலும் அக்ரகாரமும். சற்றுத் தள்ளி வேளாளர் தெருக்கள். அதையும் தாண்டி, வயலுக்குப் பக்கத்தில், கால்வாய்க் கரைக்குக் கீழே, உழைத்தவர்களின் குடியிருப்பு. வெள்ளம் வந்தால் முதலில் நனையும் இடமும் பெரும்பாலும் அதுதான். இந்த நஞ்சையை நூற்றாண்டுக் கணக்கில் உழுது, நட்டு, அறுத்தவர்கள் பள்ளர் சமூகத்தினர். 2021-இலிருந்து அரசுப் பட்டியலில் தேவேந்திரகுல வேளாளர் என்று குறிக்கப்படுகிறவர்கள் இவர்களே. கல்வெட்டில் நிலம் கொடுத்தவர் பெயர் இருக்கும், வாங்கியவர் பெயர் இருக்கும், எல்லையில் நின்ற மரத்தின் பெயர்கூட இருக்கும். உழுதவர் பெயர் இருக்காது.

அந்தக் குறையைக் கொஞ்சம் போக்குவது, உழவர் வாழ்வைப் பாடும் பள்ளு இலக்கியம். முக்கூடற்பள்ளின் களம் இன்றைய சீவலப்பேரி. சிற்றாறு தாமிரபரணியோடு வந்து சேரும் இடம். எழுதியவர் யார் என்று தெரியாத அந்த நூலின் நாயகன் ஒரு பண்ணையாள். மூத்த மனைவி முக்கூடல்காரி, இளையவள் மருதூர்க்காரி. சக்களத்திச் சண்டை என்று சிரித்துக்கொண்டே படித்துவிடலாம். ஆனால் அதன் நடுவே ஆற்றில் வெள்ளம் வருவதற்கான அறிகுறி, நெல் வகைகள், மாட்டு வகைகள், ஏரின் உறுப்புகள், பண்ணைக்காரனின் கெடுபிடி, காலைத் தொழுக்கட்டையில் மாட்டிவைக்கும் தண்டனை எல்லாம் வரிசையாக வருகின்றன. ஆற்றங்கரை ஊர் ஒன்றை வரப்பில் நின்று பார்த்த பதிவு என்று இதைத்தான் சொல்வேன். நெல் வகைகளின் பெயர்களை மட்டும் உரக்க வாசித்துப் பாருங்கள். அவற்றில் எத்தனை இன்று விதையாக மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணும்போது மனம் கனக்கும்.

நெல்லைச் சீமையில் நிலத்தையே விதையால் அளந்தார்கள். "எத்தனை ஏக்கர்?" என்று கேட்க மாட்டார்கள். எத்தனை கோட்டை விதைப்பாடு என்பதுதான் கேள்வி. கோட்டை என்பது நெல் அளவை, அத்தனை கோட்டை விதை நெல் விதைக்கும் நிலம் என்று பொருள். பயிர் இரண்டு பருவம். ஜூன் வாக்கில் தொடங்குவது கார், ஐப்பசி மழையோடு தொடங்கி மாசியில் அறுப்பது பிசானம். கார் முழுக்க முழுக்க ஆற்றை நம்பிய பயிர். தென்மேற்குப் பருவமழை மலையில்தான் பெய்யும், சமவெளிக்குச் சாரலும் காற்றும்தான். பிசானத்துக்கு அப்படி இல்லை. வடகிழக்கு மழை வயலிலேயே பெய்யும், குளத்தையும் நிரப்பும். அதனால் மேற்கே இருக்கும் ஊர்களுக்குக் கார் உறுதியான பயிர், கிழக்கே போகப்போக அது சூதாட்டம். ஒரே ஆற்றின் கரையில் இருந்தும் இரண்டு ஊர்களின் பொருளாதாரம் வேறுபட்டதற்கு இதைவிட நேரான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

தண்ணீரைப் பங்கு வைக்க ஆள் இருந்தார்கள். மடையைத் திறந்து மூடவும், வயல் வயலாகத் தண்ணீர் விடவும், கரையைக் கண்காணிக்கவும் ஊர் அமர்த்திய நீர்பாய்ச்சிகள். கூலி அறுவடைக் களத்தில் நெல்லாகக் கிடைக்கும். நிலம் வைத்திருப்பவர் தானே போய் மடையைத் தொடக் கூடாது என்பது பல ஊர்களில் எழுதாத சட்டம். தண்ணீரில் சொந்தப் பங்கு இல்லாதவர் கையில் மடையைக் கொடுத்தால்தான் பங்கீடு நேர்மையாக நடக்கும் என்ற யோசனை அதில் இருக்கிறது.

ஆங்கிலேயர் வந்தபோது எட்டில் ஏழு அணைக்கட்டுகள் ஏற்கெனவே இருந்தன. அவர்கள் சேர்த்தது கடைசியான ஸ்ரீவைகுண்டம். வேலை 1869-இல் தொடங்கி 1873-இல் முடிந்தது. அதன் வடகாலும் தென்காலும் ஆற்றின் கடைசிப் பகுதியை நஞ்சையாக்கின. இன்னொரு பக்கம், ஊர் கூடிக் கால்வாய் தூர்வாரும் குடிமராமத்து 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டாய வேலையாக மாறியது. ஊரே தன் வேலையாக நினைத்துச் செய்தது, செய்யாவிட்டால் தண்டனை என்றானதும் மெல்ல நின்றுபோனது. வரியை அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது, தூரையும் அதுவே வாரட்டுமே என்று மக்கள் நினைத்ததில் தவறு காண முடியவில்லை. 2017-இல் குடிமராமத்து என்ற பெயரை அரசு மீண்டும் எடுத்தபோது, வேலை நடந்த இடங்களில் குளம் ஆழமானது உண்மை. ஆனால் அந்த வேலைக்கு அடியில் இருந்த ஊர்ப் பிடிமானம் அரசாணையால் திரும்பி வருகிற விஷயம் இல்லை.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் மேலே அணைகள் வந்தன. 1940-களில் மின்சாரத்துக்கும் பாசனத்துக்குமாகப் பாபநாசம், 143 அடி. 1958-இல் மணிமுத்தாறு, 118 அடி. இரண்டும் தனித்தனியே ஏறத்தாழ ஐந்தரை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) கொள்ளும். அதுவரை ஆறு வந்தால் தண்ணீர். அதன்பின் ஆணை வந்தால் தண்ணீர். ஊர்ப் பெரியவர்கள் மேற்கே மின்னலைப் பார்த்து விதை நனைத்த காலம் போய், செய்தித்தாளில் அணை நீர்மட்டம் பார்த்து விதை நனைக்கும் காலம் வந்தது. டீக்கடையில் "பாபநாசம் எத்தனை அடி?" என்பது இன்றைக்கும் நலம் விசாரிப்பு மாதிரிதான்.

இங்கேதான் தலைமடை, கடைமடைச் சிக்கல் முழு உருவம் எடுக்கிறது. முதல் ஆறு அணைக்கட்டுகளின் ஆயக்கட்டு சுமார் 40 ஆயிரம் ஏக்கர். கடைசி இரண்டான மருதூர், ஸ்ரீவைகுண்டம் இவற்றுக்கு மட்டும் 46,107 ஏக்கர். அதாவது பாதிக்கு மேற்பட்ட நிலம் வரிசையின் கடைசியில் நிற்கிறது. தண்ணீர் நிறைய இருக்கும் வருஷத்தில் இது யாருக்கும் தெரியாது. குறையும் வருஷத்தில் கார் சாகுபடிக்கு யாருக்குத் திறப்பது என்ற கேள்வி எழும்போது, திருநெல்வேலி, தூத்துக்குடி என்ற மாவட்ட எல்லை ஆற்றுக்குள்ளேயே முளைத்துவிடுகிறது. 1986-இல் மாவட்டம் பிரிந்தபோது ஆறு பிரியவில்லை, ஆனால் கூட்டம் போடும் அலுவலகங்கள் பிரிந்துவிட்டன.

கடைமடை ஊர்கள் சும்மா இருக்கவில்லை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் நெல்லை விட்டுப் பலர் வாழைக்கு மாறினார்கள். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் ஒரு பருவத்தோடு முடியும் பயிர்கள் இல்லை. வருஷம் முழுக்க ஈரம் கேட்பவை. வாய்க்கால் ஒரு மாதம் வறண்டால் நெல்காரருக்கு ஒரு போகம் போகும், கொடிக்கால்காரருக்குப் பல வருஷ உழைப்பு போகும். அதனால்தான் கோடையிலும் கால்வாயில் கொஞ்சம் ஓட்டம் விடுங்கள் என்று அவர்கள் ஓயாமல் கேட்கிறார்கள். அதே கடைசி அணைக்கட்டிலிருந்துதான் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் போனது. வழியெங்கும் ஆற்றுக்குள்ளேயே உறைகிணறுகள் இறங்கி, பல மாவட்டங்களுக்குக் குடிநீர் போகிறது. குடிநீரை யாரும் மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் ஆறு தாங்கும் அளவு என்று ஒன்று இருக்கிறது. மணலை அள்ளி ஆற்றுப்படுகை கீழே இறங்கினால் கால்வாய் வாய் மேலே நின்றுவிடும். முதலில் சொன்ன மேடு பள்ளக் கணக்கே தலைகீழாகும். 2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது இந்தக் கரைகளுக்குக் கிடைத்த ஒரு மூச்சு.

நிலத்தின் கதையும் மாறியது. 1955-இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1961-இல் ஒரு குடும்பம் வைத்திருக்கும் நிலத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பொறுத்துக் கணக்கிடும் ஏக்கர்) உச்சவரம்பு, 1970-இல் அது 15 ஆகக் குறைப்பு. சட்டத்தைவிட வேகமாக வேலை செய்தது படிப்பும் ரயிலும். அக்ரகாரத்துக் குடும்பங்கள் சென்னைக்கும் பம்பாய்க்கும் போனார்கள். குத்தகைக்கு உழுதவர்களில் சிலர் சிறுகச் சிறுக நிலத்தை வாங்கினார்கள். பூட்டிய வீடுகள் உள்ள தெருவையும், புதிதாக மச்சு எழும்பிய தெருவையும் ஒரே ஊரில் பார்த்தால், அதுவே ஐம்பது வருஷ வரலாறு.

வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். 1992 நவம்பர் வெள்ளம் இன்றும் கரை ஊர்களில் காலக் குறிப்பு. "வெள்ளத்துக்கு முந்தி", "வெள்ளத்துக்குப் பிறகு" என்றே பேசுவார்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன, வாழைத் தோட்டங்கள் மணலால் மூடிப்போயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனபோது, பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். அவர்களையும் அந்த மழை விட்டுவைக்கவில்லை.

இப்படி ஒரு ஊரின் வரலாற்றை எழுத நினைப்பவர்களுக்கு என் யோசனை இதுதான். கோயில் தலபுராணத்தில் தொடங்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் 'அ' பதிவேடு என்ற நிலப் பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் தொடங்குங்கள். பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்கர்) முறை 1980-இல் ஒழிந்தபோது பழைய கணக்குகள் பல வீட்டுப் பரண்களில் தங்கிவிட்டன. அவற்றையும் கேட்டுப் பாருங்கள். பிறகு வயதான நீர்பாய்ச்சி ஒருவரோடு கால்வாய்க் கரையில் ஒரு நாள் நடந்து, ஒவ்வொரு மடையின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். நாற்று நட்டு முதிர்ந்த பெண்களிடம் ஒவ்வொரு வயல்பற்றின் பெயரையும் கேளுங்கள். எந்த ஆவணத்திலும் ஏறாத பெயர்கள் அவர்களிடம்தான் இருக்கின்றன. அவர்கள் காலத்துக்குப் பிறகு அந்தப் பெயர்களைச் சொல்ல ஆள் கிடையாது.

கடைசியாகக் கொற்கை வரை ஒருமுறை போய் வாருங்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்று படித்த இடம் இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் கரையைத் தள்ளிக்கொண்டே போய்விட்டது. கப்பல் வந்த ஊரில் இப்போது ஒரு குளமும், அதன் மடையும், கீழே வயலும் வாழையும். ஸ்ரீவைகுண்டம் வடகாலில் தண்ணீர் திறந்தார்களா, எந்தக் குளம் வரைக்கும் வந்திருக்கிறது என்று அங்கேயும் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.